அரை நொடித் தாமதம்: ரீஸ்டார்ட் செய்யாமல் தேடிய ஒருவரும், தப்பித்த லினக்ஸ் சர்வர்களும்!

"ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?"

ஐடி துறையில் வேலை பார்ப்பவர்கள் அதிகம் கேட்டதும் அதிகம் சொன்னதும் இந்த ஒரு கேள்வியாகத்தான் இருக்கும். வீட்டு வைஃபை ரவுட்டரில் ஆரம்பித்து, பெரிய நிறுவனத்தின் லினக்ஸ் சர்வர் வரைக்கும் இதே கைவைத்தியம்தான். பெரும்பாலும் வேலையும் செய்துவிடும். டிக்கெட் குளோஸ், மேனேஜர் ஹேப்பி, எல்லோரும் தூங்கப் போகலாம்.

ஆனா, என்ன கோளாறு என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள உதவியிருக்கும் தடயங்களையும் அந்த ரீஸ்டார்ட் துடைத்துவிட்டிருக்கும். 'சரியாகிடுச்சு' என்பதும் 'ஏன்னு தெரிஞ்சிடுச்சு' என்பதும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை 2024 மார்ச் மாதம் லினக்ஸ் உலகம் மயிரிழையில் தப்பித்துத் தெரிந்துகொண்டது.

அரை நொடியில் என்ன இருக்கு?

ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸை உருவாக்குபவர்களில் ஒருவர். மைக்ரோசாஃப்ட்டில் வேலை. டெபியன் லினக்ஸின் 'சிட்' பதிப்பில் (புதுப்புது மென்பொருள்கள் முதலில் வந்து இறங்கும் இடம் அது) போஸ்ட்கிரெஸின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். இந்த மாதிரி நுணுக்கமான அளவீட்டுக்கு கம்ப்யூட்டர் வேறு வேலை எதுவும் செய்யாமல் அமைதியாக இருக்க வேண்டும். அப்போதுதான் எஸ்எஸ்ஹெச்டி என்ற புரோகிராம் சிபியுவை வழக்கத்துக்கு மாறாகத் தின்பது அவர் கண்ணில் பட்டது.

வெளியிலிருந்து சர்வருக்குள் லாகின் செய்ய வருபவர்களைச் சோதித்து உள்ளே விடும் வாட்ச்மேன்தான் எஸ்எஸ்ஹெச்டி. இன்டர்நெட்டில் இருக்கும் எந்த சர்வரின் கதவையும், வாய்க்கு வந்த யூசர்நேமைச் சொல்லித் தட்டிப் பார்க்கும் பாட்கள் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். 'அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை' என்று விரட்டுவது வாட்ச்மேனுக்குச் சாதாரண வேலை. அதற்கு எதற்கு இவ்வளவு சிபியு?

ஃப்ராய்ண்ட் அளந்து பார்த்தார். முன்பு 0.299 நொடியில் முடிந்த விரட்டல், இப்போது 0.807 நொடி எடுத்தது. கூடுதலாக அரை நொடி. நம்மில் பெரும்பாலானோர் நெட்வொர்க் ஸ்லோ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம்.

அவர் போகவில்லை. எந்த புரோகிராமின் எந்தப் பகுதி சிபியுவைச் செலவழிக்கிறது என்று காட்டும் 'பெர்ஃப்' கருவியை ஓட்டினார். நேரமெல்லாம் லிப்எல்இசட்எம்ஏ என்ற நூலகத்துக்குள் போவதாகக் காட்டியது. ஆனால், அதற்குள் எந்த ஃபங்ஷன் என்று மட்டும் கருவியால் சொல்ல முடியவில்லை. பெயரே இல்லாத ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சில வாரங்களுக்கு முன்பு போஸ்ட்கிரெஸை சோதிக்கும்போது, மெமரி தவறுகளைப் பிடிக்கும் 'வால்கிரைண்ட்' கருவி காரணம் புரியாத ஒரு எச்சரிக்கை கொடுத்ததும் அப்போது அவர் நினைவுக்கு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்.

2024 மார்ச் 29, புனித வெள்ளி. உலகில் பாதிப் பேர் லீவில் இருந்த நாளில் ஃப்ராய்ண்ட் தான் கண்டதைப் பொதுவெளியில் எழுதினார். எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்திருக்கிறார்கள். அதற்கான ரகசியச் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர் பாஸ்வேர்டே இல்லாமல் அந்த சர்வரில் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம். இந்தக் குறைபாட்டுக்குக் கொடுக்கப்பட்ட ஆபத்து மதிப்பெண் 10-க்கு 10.

எக்ஸ்இசட்டுக்கும் வாட்ச்மேனுக்கும் என்ன சம்பந்தம்?

நியாயமான கேள்வி. நேரடியாக எந்த சம்பந்தமும் இல்லை. எஸ்எஸ்ஹெச்டியை எழுதும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் குழு எக்ஸ்இசட்டைத் தொடுவதே இல்லை. ஆனால், டெபியன் உள்ளிட்ட சில லினக்ஸ் விநியோகங்கள், 'நான் ரெடி' என்று எஸ்எஸ்ஹெச்டி சிஸ்டம்டி-க்குத் தகவல் சொல்வதற்காக ஒரு கூடுதல் ஒட்டுப் போட்டிருந்தன. அந்தத் தகவலை அனுப்ப சிஸ்டம்டி-யின் நூலகம் தேவைப்பட்டது. அந்த நூலகத்துக்கு எக்ஸ்இசட்டின் நூலகம் தேவைப்பட்டது. உறவினரின் உறவினர் வழியாகத் திருடன் கல்யாண வீட்டுக்குள் நுழைந்த கதைதான்.

டெபியனின் சோதனைப் பதிப்புகள், ஃபெடோராவின் ராஹைட், ஓப்பன்சூசே டம்பிள்வீட், காளி லினக்ஸ் வரைக்கும் இந்தப் பதிப்புகள் போய்ச் சேர்ந்துவிட்டன. உபுண்டு தன் 24.04 பீட்டா வெளியீட்டை ஒரு வாரம் தள்ளிவைத்தது. நிறுவனங்களின் சர்வர்களில் ஓடும் டெபியனின் நிலையான பதிப்புக்கு இது இன்னும் வந்து சேரவில்லை. யாரும் கவனிக்காமலே போயிருந்தால், ஒருநாள் அங்கேயும் வந்திருக்கும்.

டெபியன் என்றால் வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். தமிழக அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பக்கத்தில் 'பாஸ்' என்று இன்னொரு ஆப்ஷன் வருமே, ஞாபகம் இருக்கிறதா? சென்னை சி-டாக்கில் உருவான அந்த லினக்ஸும் டெபியனின் வாரிசுதான்.

தேடினால் ஒளிந்துகொள்ளும் கோளாறு

இந்தப் பின்வாசலில் உண்மையிலேயே மிரட்டலான விஷயம், அது யாருக்குப் பயந்தது என்பதுதான். ஆன்டிவைரஸுக்கு அல்ல, ட்ரபிள்ஷூட் செய்பவருக்கு!

எஸ்எஸ்ஹெச்டியை ஒருவர் டெர்மினலில் இருந்து கையால் ஓட்டிப் பார்த்தால், பின்வாசல் இயங்காது. வழக்கமாக பூட் ஆகும்போது தானாகத் தொடங்கினால்தான் இயங்கும். பிழை தேடுபவர்கள் ஆன் செய்யும் சில அமைப்புகள் கண்ணில் பட்டாலும் அமைதியாகிவிடும். அதாவது, இதை எழுதியவருக்கு நன்றாகத் தெரியும்: போலீஸ் வரப்போவதில்லை, 'ஏன் இது ஸ்லோவா இருக்கு?' என்று கேட்கும் ஒரு இன்ஜினீயர்தான் வருவார் என்று.

வால்கிரைண்ட் எச்சரிக்கையையும் அவர் விட்டுவைக்கவில்லை. 5.6.0 வந்ததும் வேறு சிலருக்கும் அந்த எச்சரிக்கை தெரிந்தது, கேள்வி எழுந்தது. பதிலாக 5.6.1 வந்தது. கம்பைலரோடு சேரும்போது எழும் சின்னப் பிழை, வால்கிரைண்ட் பொய்யாக எச்சரிக்கிறது, இப்போது சரிசெய்துவிட்டோம் என்ற ரீதியில் வெளியீட்டுக் குறிப்பில் ஒரு விளக்கம். எச்சரிக்கை நின்றுபோனது. கேட்டவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எரர் மெசேஜ் மறைந்தால் பிரச்னை தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளத்தான் எல்லோரும் பழகியிருக்கிறோம்.

இந்த இடத்தில் ஓப்பன் சோர்ஸ் ஆதரவாளர்களின் பழைய வாதம் ஒன்றையும் உரசிப் பார்க்க வேண்டும். கோடு எல்லோருக்கும் திறந்திருப்பதால், ஆயிரம் கண்கள் படித்துத் தவறைப் பிடித்துவிடும் என்பது அது. எக்ஸ்இசட்டில் எந்தக் கண்ணும் படித்துப் பிடிக்கவில்லை. விஷமக் கோடு, சோதனைக்காக வைத்த கெட்டுப்போன ஃபைல்கள் போல மாறுவேடத்தில் இருந்தது. அதை வெளியே எடுக்கும் ஸ்கிரிப்ட், எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லாமல், வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது. படிப்பவருக்குத் தெரியாதது, ஓடும்போது அளந்தவருக்குத் தெரிந்தது. ஆனால் சந்தேகம் வந்த பிறகு ஒவ்வொரு அடுக்காகப் பிரித்து உள்ளே போக முடிந்ததற்குக் காரணம் எல்லாமே திறந்திருந்ததுதான். திறந்த கோடு என்பது தோண்டுவதற்கான அனுமதி. மண்வெட்டியை யாராவது கையில் எடுத்தால்தான் அதற்கு அர்த்தம்.

ரீஸ்டார்ட்டே தோற்ற ஒரு ஞாயிறு

சரி, உளவுக்கதையை விடுவோம். யாரும் சதி செய்யாத சாதாரணக் கோளாறிலும் இதே பாடம்தான்.

2012 ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை. நம்ம ஊர் நேரப்படி அதிகாலை ஐந்தரை மணி. பூமியின் சுழற்சியோடு கடிகாரத்தை ஒத்துப்போகச் செய்ய, உலக நேரத்தில் ஒரு நொடி கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. இதற்குப் பெயர் லீப் செகண்ட். அடுத்த நிமிடமே ரெடிட், மோசில்லா உள்ளிட்ட பல இடங்களில் லினக்ஸ் சர்வர்கள் திணற ஆரம்பித்தன. ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் விமான நிறுவனத்தில் செக்-இன் தடுமாறியது. ஜாவா புரோகிராம்களும் மைஎஸ்கியூஎல்லும் சிபியுவை முழுசாக விழுங்கின.

பலர் முதலில் செய்தது, ஜாவாவை ரீஸ்டார்ட் செய்வது. மறுபடி அதே கதை. காரணம் ஜாவாவில் இல்லையே! நொடி சேர்க்கப்பட்ட தகவல் லினக்ஸ் கெர்னலின் ஒரு பகுதிக்குப் போய்ச் சேரவில்லை. அதனால் அதன் டைமர்கள் ஒரு நொடி முன்னதாகவே அடித்தன. 'அரை நொடி கழித்து எழுப்பு' என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போன புரோகிராம் உடனே எழுப்பப்பட்டது, மறுபடி தூங்கப் போனது, மறுபடி எழுப்பப்பட்டது. இப்படி லட்சக்கணக்கில்.

மருந்து என்ன தெரியுமா? சர்வரின் நேரத்தை, இப்போது என்ன நேரமோ அதே நேரத்துக்கு மறுபடி செட் செய்யும் ஒரு வரிக் கட்டளை. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் நேரம் செட் செய்யப்படும்போது, விட்டுப்போன அந்தத் தகவல் கெர்னலின் எல்லாப் பகுதிக்கும் போய்விடும். காரணம் தெரிந்தவருக்கு ஒரு வரி. தெரியாதவருக்கு, சர்வரையே மொத்தமாக ரீபூட் செய்வதுதான் வழி. ரீபூட்டும் வேலை செய்தது. மெஷின் ஒன்று இரண்டு என்றால் பரவாயில்லை, ஆயிரம் என்றால்?

தினசரி நடக்கும் சின்ன அழிப்புகள்

இதெல்லாம் பெரிய கதைகள். ஒரு சாதாரண சப்போர்ட் டீமில் நடப்பதைப் பார்ப்போம்.

டிஸ்க் 100 சதவீதம் நிரம்பிவிட்டது. 'டிஎஃப்' கட்டளை அப்படித்தான் காட்டுகிறது. ஆனால் 'டியூ' வைத்து ஃபோல்டர்களைக் கூட்டிப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. குழப்பத்தில் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்கிறார்கள். இடம் திரும்பக் கிடைத்துவிடுகிறது. அற்புதம்! மூன்று வாரம் கழித்து மறுபடி அதே அலெர்ட். உள்ளே நடந்தது இதுதான்: யாரோ பெரிய லாக் ஃபைலை அழித்திருக்கிறார்கள். ஆனால் புரோகிராம் அதை இன்னும் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருக்கிறது. லினக்ஸில் ஃபைலின் பெயரை அழித்தாலும், அதைப் பிடித்திருக்கும் புரோகிராம் விடும்வரை இடம் காலியாகாது. 'எல்எஸ்ஓஎஃப்' ஓட்டியிருந்தால் அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் ஃபைல் எது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். லாக்கைச் சுழற்றும் அமைப்பைத் திருத்தினால், அந்த அலெர்ட் திரும்ப வராது.

அடுத்தது, டேட்டாபேஸ் திடீரென்று செத்துப்போகும் கேஸ். 'டேட்டாபேஸ் கிராஷ்' என்று எழுதி, மறுபடி ஸ்டார்ட் செய்து முடித்துவிடுகிறார்கள். கெர்னல் லாக்கைப் பார்த்தால் மெமரி தீர்ந்துபோனதால் கெர்னலே அதைக் கொன்றிருக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கெர்னல் பொதுவாக அதிக மெமரி வைத்திருப்பவரைப் பார்த்துத்தான் கொல்லும். மெமரியைக் கசியவிட்ட குட்டி ஸ்கிரிப்ட் தப்பித்துவிடும். நேர்மையாக வேலை பார்த்த டேட்டாபேஸ் சாகும். செத்தவர் மேல் பழி போட்டு கேஸை முடிப்பது எவ்வளவு சுலபம்!

இன்னும் கொடுமை ஒன்று உண்டு. சில லினக்ஸ் அமைப்புகளில் ஜர்னல் லாக்குகள் டிஸ்க்கில் சேமிக்கப்படாமல், மெமரியில் மட்டும் இருக்கும். வார் லாக் ஃபோல்டருக்குள் ஜர்னல் என்று ஒரு ஃபோல்டர் இல்லை என்றால் அப்படித்தான். அந்த சர்வரை ரீபூட் செய்த விநாடியே, அது ஏன் திணறியது என்ற வாக்குமூலமும் போய்விடும். இது தெரியாமலே பல வருஷம் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

போதாக்குறைக்கு இப்போது மனிதர்கள்கூட ரீஸ்டார்ட் செய்வதில்லை. குபர்நெட்டிஸ் போன்ற அமைப்புகள், பதில் சொல்லாத கன்டெய்னரைத் தானே மறுபடி தொடங்கிவிடுகின்றன. அருமையான வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் டாஷ்போர்டில் எல்லாம் பச்சையாக இருக்கும். உள்ளே ஒரு கன்டெய்னர் ஒரு நாளைக்கு நாற்பது முறை செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கும். அந்த எண்ணைத் தேடிப் போய்ப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

ரீஸ்டார்ட்டுக்கு ஒரு தங்கையும் உண்டு. எஸ்இலினக்ஸ் பாதுகாப்பு தடுக்கிறதா, அதை அணைத்துவிடு. பர்மிஷன் எரரா, எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுக்கும் 777 போடு. நெட்டில் தேடினாலும் சாட்பாட்டிடம் கேட்டாலும் இந்த வைத்தியம் சீக்கிரமே கண்ணில் படும். எரர் போய்விடும். தலைவலிக்குக் கழுத்தை வெட்டிய மாதிரி.

'கஸ்டமர் காத்திருக்காரே, பாஸ்?'

இதைப் படிக்கும் சப்போர்ட் இன்ஜினீயர்களுக்குக் கோபம் வரலாம். வர வேண்டியதும்கூட. பி1 டிக்கெட் ஓடுகிறது; எஸ்எல்ஏ கடிகாரம் துடிக்கிறது; காலில் முப்பது பேர். அந்த நேரத்தில் 'பெர்ஃப் ஓட்டிப் பார்க்கிறேன்' என்றால் யார் விடுவார்கள்?

விட வேண்டாம். பணம் அனுப்ப முடியாமல் நிற்கும் கஸ்டமருக்கு முதலில் சேவை திரும்ப வேண்டும். ரீஸ்டார்ட்தான் வேகமான வழி என்றால், அதைச் செய்துதான் ஆக வேண்டும். கேட்பது, அதற்கு முன்னால் இரண்டு நிமிடம். ஜர்னலையும் கெர்னல் லாக்கையும் ஒரு ஃபைலில் எடுத்து வைப்பது, எந்த புரோகிராம் எவ்வளவு சிபியு, மெமரி பிடித்திருக்கிறது என்று ஒரு படம் பிடிப்பது, ஜாவா என்றால் ஒரு த்ரெட் டம்ப். இதையெல்லாம் ஒரே ஸ்கிரிப்ட்டாக எழுதி வைத்துவிட்டால், ராத்திரி தூக்கக் கலக்கத்திலும் ஓட்டிவிடலாம்.

உண்மையான தடை அந்த இரண்டு நிமிடம் இல்லை. அடுத்த நாள் காலையில் இருக்கிறது. ஐடி சேவை நிறுவனங்கள் வேதம் மாதிரி ஓதும் ஐடிஐஎல் முறையிலேயே இதற்கு இடம் உண்டு. சேவையை மீட்பதற்கு 'இன்சிடென்ட்'. மூல காரணத்தைத் தேடுவதற்குத் தனியாக 'ப்ராப்ளம்'. முதலாவதை நிமிடக் கணக்கில் அளந்து ரிப்போர்ட் போடுகிறார்கள். இரண்டாவது பல டீம்களில் திறக்கப்படுவதே இல்லை. திறந்தாலும் ஆர்சிஏ டெம்ப்ளேட்டில் 'சர்வீஸ் நின்றுவிட்டது, ரீஸ்டார்ட் செய்யப்பட்டது' என்று எழுதி முடிகிறது. அது காரணம் இல்லை, நடந்த சம்பவம். எத்தனை டிக்கெட் மூடினாய் என்று மட்டும் அப்ரைசலில் கேட்டால், மூடத்தான் செய்வார்கள். ஒரே டிக்கெட் பன்னிரண்டு முறை வந்தால் பன்னிரண்டு மூடிய கணக்கு. ஒருமுறை காரணம் கண்டுபிடித்தால் ஒன்றுதான் கணக்கு. கணக்கே தப்பாக இருக்கும்போது, ஜூனியர் இன்ஜினீயருக்கு ஆர்வம் இல்லை என்று திட்டுவதில் நியாயம் இல்லை.

காரணம் தேடுவதற்கு நிறுவனமே இடம் கொடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தில் டேட்டாபேஸ் சிக்கல் ஒன்றோடு மல்லுக்கட்டிய இன்ஜினீயர், வேலையை முடித்துக் கிளம்ப வேண்டிய நேரத்தில், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாவை அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்அப்பைத் தேடினால், தினசரி பேக்அப் பெட்டி காலி. பேக்அப் எடுக்கும் கருவியின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மெயில்களும் மெயில் பாதுகாப்பு விதியால் திருப்பி அனுப்பப்பட்டிருக்கின்றன. அதே இன்ஜினீயர் ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறு வேலைக்காக எடுத்துவைத்திருந்த நகல்தான் கடைசியில் காப்பாற்றியது.

கிட்லேப் மீட்புப் பணியை நேரலையில் காட்டியது. நடந்ததை வரிவரியாக வெளியிட்டது. அந்த அறிக்கையில் இன்ஜினீயரின் பெயர் இல்லை. 'டீம் மெம்பர் 1' என்றுதான் இருந்தது. தவறான கட்டளையோடு விசாரணையை முடித்திருந்தால், மாட்டியவர் ஒருவர். செத்துக்கிடந்த பேக்அப் அப்படியே கிடந்திருக்கும்.

ஒற்றை ஆளின் தோளில்

மறுபடியும் எக்ஸ்இசட். அந்தப் பின்வாசல் உள்ளே வந்த வழியிலும் இதே நேரப் பஞ்சம்தான். லாஸ் கொலின் என்பவர் பல ஆண்டுகளாக, சம்பளம் இல்லாமல், பொழுதுபோக்காகப் பராமரித்து வந்த மென்பொருள் அது. 2022-இல், ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள் என்று சில புதிய பெயர்களிலிருந்து அவருக்கு நெருக்கடி வந்தது. தனக்கு நீண்டகாலமாக மனநலச் சிக்கல் இருப்பதையும், இது சம்பளமில்லா வேலை என்பதையும் அவர் பொதுவெளியிலேயே எழுதினார். கைகொடுக்க வந்த நல்ல மனிதராக அருகில் இருந்தவர் 'ஜியா டான்'. இரண்டு வருஷத்துக்கும் மேல் ஒழுங்காக வேலை செய்து, நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பை வாங்கி, அதற்குப் பிறகுதான் பின்வாசலை வைத்தார். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்று உறுதியாகவில்லை.

ஃப்ராய்ண்ட் தன்னை ஹீரோ ஆக்கிக்கொள்ளவில்லை. பல தற்செயல்கள் ஒன்றுசேர்ந்ததால்தான் இது வெளியே வந்தது என்று அவரே எழுதினார். உண்மைதான். ஆனால் அந்தத் தற்செயல்களுக்கு நடுவே, தன் டேட்டாபேஸுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு அரை நொடியைத் துரத்த அவருக்கு நேரம் இருந்தது. எந்த டிக்கெட்டும் அவரைப் பிடித்து இழுக்கவில்லை.

கொலின் திரும்ப வந்தார். ஒவ்வொரு மாற்றத்தையும் சரிபார்த்து, பின்வாசல் நீக்கிய 5.6.2 பதிப்பை அந்த ஆண்டு மே மாதம் வெளியிட்டார். ஜூலையில் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.8, 'நான் ரெடி' என்ற அந்தத் தகவலை, வேறு எந்த நூலகத்தின் துணையும் இல்லாமல் தானே அனுப்பக் கற்றுக்கொண்டது. அதற்குத் தேவைப்பட்டது சில வரிக் கோடு மட்டும்தான்.